தடித்த கோடும் மெலிந்த கோடும்: ‘அந்த ஸ்டைல் எழுத்து’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் அழைப்பிதழ், கடைப் பலகை, பாக்கெட் லேபிள் வடிவமைப்பது என் தொழில். மண்டபம், பாம்பன், ராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று கடலோர ஊர்களிலிருந்துதான் அதிகம் பேர் வருவார்கள். சில வருடங்களாக, வருகிறவர்களில் பலர் செல்போனை நீட்டி ஒரே மாதிரிப் படத்தைக் காட்டுகிறார்கள். ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் தலைமுடி போல மெலிந்த ஆங்கில எழுத்து. “இதே ஸ்டைல்ல வேணும்” என்பார்கள். அதன் பிறகு வரும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றேதான். திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

இந்த எழுத்துக்குப் பேர் என்னண்ணே? எல்லாரும் ப்ளேஃபேர்ங்கிறாங்க.

ப்ளேஃபேர் டிஸ்ப்ளே என்பது அந்த வகையில் ஒரு ஃபான்ட். இன்று அதிகம் கண்ணில் படுவதும் அதுதான். டிடோ, போடோனி, போடோனி மோடா, அப்ரில் ஃபேட்ஃபேஸ் எல்லாம் அதே குடும்பத்துக்குச் சொந்தம். வோக், ஹார்ப்பர்ஸ் பஜார் ஆகிய இரண்டு ஃபேஷன் பத்திரிகைகளின் தலைப்பெழுத்தும் இந்தச் சாதிதான். நகைக்கடை, அத்தர், பொட்டிக் என்றதும் நம் மனம் இந்த எழுத்துக்குப் போவதற்கு அந்தப் பத்திரிகைகள் ஒரு பெரிய காரணம்.

அடையாளம் இரண்டு. ஒன்று, கோட்டின் முனையில் நிற்கும் சின்னக் கால். அதைத்தான் செரிஃப் என்பார்கள். இரண்டாவது, தடித்த கோட்டுக்கும் மெலிந்த கோட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம். இதை கான்ட்ராஸ்ட் என்பார்கள். டிஸ்ப்ளே என்று பெயரில் இருந்தால், பெரிதாகப் போடுவதற்காக வரைந்தது என்று அர்த்தம். தலைப்பு, பெயர், பலகை இவற்றுக்கு. பத்தி பத்தியாகப் படிப்பதற்கு அல்ல.

ஏன் ஒரு கோடு மட்டும் அவ்வளவு மெல்லிசு? சும்மா அழகுக்கா?

அழகுக்குத்தான், ஆனால் அந்த அழகு ஒரு கருவியிலிருந்து வந்தது. கூர்முனைப் பேனாவை எடுத்துக் கீழ்நோக்கி அழுத்தி இழுத்தால் முனை இரண்டாகப் பிரிந்து கோடு தடிக்கும். மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ லேசாக இழுத்தால் மெலியும். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடுகிறவர்கள் இன்னும் நுணுக்கமான கோட்டைக் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்து அச்சுக்காரர்களுக்கும் ஆசை வந்தது.

ஆனால் ஈய எழுத்தில் அவ்வளவு மெல்லிய கோட்டைச் செதுக்கினாலும், பழைய சொரசொரப்பான காகிதத்தில் அது பதியாது. இங்கிலாந்தில் பர்மிங்காமைச் சேர்ந்த ஜான் பாஸ்கர்வில் 1750-களில் மழமழப்பான காகிதத்தையும் கருமையான மையையும் தேடிப்போனது அதற்காகத்தான். அவர் திறந்துவிட்ட வழியில் அந்த நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் டிடோ குடும்பத்தாரும், இத்தாலியின் பார்மா நகரில் போடோனியும் வித்தியாசத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். போடோனி 1813-ல் காலமானார். அவருடைய எழுத்துகளின் பெருந்தொகுப்பை 1818-ல் வெளியிட்டவர் அவர் மனைவி.

இந்தக் கதையை நான் எல்லோருக்கும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நல்ல காகிதம் வந்த பிறகுதான் இந்த எழுத்தே பிறந்தது. மெலிந்த கோடுதான் இதற்கு உயிர், அது பிழைக்கிற இடத்தில்தான் இதை வைக்க வேண்டும். கீழே வரும் பதில்களில் பாதி இதிலிருந்து வருபவைதான்.

ப்ளேஃபேர் இலவசமா? கடை பேருக்குப் போட்டா பின்னாடி கேஸ் கீஸ் வருமா?

இலவசம். டென்மார்க்கைச் சேர்ந்த கிளாஸ் எக்கர்ஸ் சோரன்சன் வரைந்தது, 2011-லிருந்து கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கிறது. திறந்த உரிமத்தில் இருப்பதால் வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். போடோனி மோடா, அப்ரில் ஃபேட்ஃபேஸ் இரண்டும் அப்படியே.

யாரோ பென் டிரைவில் கொடுத்த விலைக்கு விற்கும் ஃபான்ட் வேறு விஷயம். உரிமம் ஒருபக்கம் இருக்கட்டும், பழைய பிரதிகளில் ரூபாய்க் குறியே இருக்காது. நம் ரூபாய்க் குறி 2010-ல் வந்தது, அதற்கு முன் செய்த ஃபான்டில் எப்படி இருக்கும்? கணினி வேறொரு ஃபான்டிலிருந்து அதைக் கடன் வாங்கி ஒட்டும். விலைப்பட்டியலில் குறி மட்டும் ஒட்டாமல் நிற்பது அதனால்தான்.

எதுக்கெல்லாம் இது எடுக்கும், எதுக்கு எடுக்காது?

மணமக்கள் பெயர், நகைக்கடை, அத்தர் புட்டி லேபிள், கேக் கடை, துணிக்கடை, விடுதியின் பெயர், பள்ளி ஆண்டு மலரின் அட்டைத் தலைப்பு. இங்கெல்லாம் எடுக்கும். சொற்கள் குறைவு, எழுத்து பெரியது, சுற்றிலும் வெற்றிடம் இருக்கும்.

மருந்துக்கடை, பேருந்து நேரம், கட்டண விவரம், எச்சரிக்கைப் பலகை, கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி. இவற்றுக்கு வேண்டாம் என்பேன். கண்ணீர் அஞ்சலியைப் பைக்கில் போகிறவர் ஒரு நொடி பார்ப்பார். யார், எந்த ஊர், எப்போது அடக்கம் என்பது அந்த ஒரு நொடியில் அவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

அழைப்பிதழ் முழுக்க இதையே போட்டுட்டா ஒரே மாதிரி இருக்குமே?

ஒரே மாதிரி இருக்கும், படிக்க முடியாது. ஒரு கணக்குப் பாருங்கள். மெலிந்த கோடு எழுத்தின் உயரத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 50 செ.மீ. உயரப் பலகை எழுத்தில் அது 1 செ.மீ., பிரமாதம். 5 மி.மீ. உயரப் பெயரில் அது 0.1 மி.மீ. ஆகிவிடும். முகவரி வரியில் எழுத்து 2 மி.மீ.தான், அப்போது கோடு 0.04 மி.மீ. தலைமுடியைவிடச் சன்னம்.

ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாகச் செதுக்கினார்கள். சின்ன அளவில் மெலிந்த கோட்டைக் கொஞ்சம் தடிக்க வைத்தார்கள். கணினியில் ஒரே வடிவத்தைச் சுருக்கியும் பெருக்கியும் பயன்படுத்துகிறோம், அதனால்தான் சின்ன அளவில் தேய்ந்துபோகிறது. போடோனி மோடாவில் அளவுக்குத் தக்கபடி கோடு மாறும் வசதி உண்டு. அது தெரியாவிட்டால் பெயரை மட்டும் இந்த எழுத்தில் வைத்து, மற்ற வரிகளுக்குச் சாதாரண ஃபான்ட் போடுங்கள்.

தங்க ஃபாயில்ல வைங்க தம்பி, மாப்ள வீட்டுக்காரங்க அசந்துடணும்.

கீழக்கரையிலிருந்து வரும் உம்மாமார் பெரும்பாலும் கேட்பது இதைத்தான். தங்க நிற மென்தகட்டைச் சூட்டில் அழுத்திப் பதிப்பதுதான் ஃபாயில். இந்த எழுத்தும் தங்க ஃபாயிலும் சேர்ந்தால் உண்மையிலேயே அழகு. ஆனால் அட்டை மழமழப்பாக இருக்க வேண்டும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நிக்காஹ் அழைப்பிதழ். சொரசொரப்பான அட்டை, அதன்மேல் ஆங்கிலப் பெரிய எழுத்தில் பெண்ணின் பெயர், தங்க ஃபாயில். வேறு ஊரில் ஓர் அச்சகத்தில் கொடுத்திருந்தேன். பெட்டியைப் பிரித்தால், பெயரில் இருந்த ‘எச்’சின் குறுக்குக் கோடு எந்த அட்டையிலும் இல்லை. இரண்டு கம்பிகள் மட்டும் தனித்தனியாக நின்றன. ‘என்’ இன்னும் மோசம். அந்த எழுத்தில் சாய்கோடுதான் தடிப்பு, நின்ற கோடுகள் இரண்டும் மெலிவு. இரண்டும் போய் ஒரு சாய்ந்த குச்சி மிச்சம். அச்சகத்தார் மாதிரிக்கு ஓர் அட்டை போட்டுக் காட்டியிருக்க வேண்டும், நானும் கேட்டிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. பெண்ணின் வாப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “புள்ள பேரு எங்க தம்பி?” என்று மட்டும் கேட்டார். மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். மழமழப்பான அட்டையில் ஃபாயிலுக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கும் மெலிந்த கோடு 0.2 மி.மீ.க்குக் குறையக் கூடாது, சொரசொரப்பான அட்டையில் 0.3 மி.மீ. தகட்டின் வழியாக அடிக்கும் ஆஃப்செட் அச்சு இதைவிட நுணுக்கமாக எடுக்கும். ஆனால் கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் ஆஃப்செட்டிலும் எச்சரிக்கை வேண்டும். சுற்றியுள்ள மை பரவி மெலிந்த கோட்டை விழுங்கிவிடும்.

அப்ப போல்டு போட்டா சரியாயிடுமா?

ஆகாது. இது பலர் ஏமாறும் இடம். இந்தக் குடும்பத்தில் போல்டு போட்டால் தடித்த கோடுதான் இன்னும் தடிக்கும். மெலிந்த கோடு கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அதனால் வித்தியாசம் கூடுமே தவிர, அழிகிற கோடு அழியத்தான் செய்யும். எதை எப்படித் தடிக்க வைக்கலாம் என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

தேதியும் போன் நம்பரும் ஏறி இறங்கி நிக்குது. பிரிண்ட் தப்பா?

தப்பில்லை. ப்ளேஃபேர் டிஸ்ப்ளேயில் எண்கள் இயல்பாகவே பழைய பாணியில் வரும். 0, 1, 2 குட்டையாக நிற்கும். 3, 4, 5, 7, 9 கீழே இறங்கும். 6, 8 மேலே ஏறும். ஆங்கிலச் சிறிய எழுத்துகளுக்கு நடுவே வாக்கியத்தில் வந்தால் அழகாக இருக்கும். தனியாக ஒரு செல்போன் எண் எழுதினால் அலையில் ஆடும் மிதவை போலத்தான் தெரியும்.

சமமாக நிற்கும் எண்களும் அதே ஃபான்டுக்குள் இருக்கின்றன. கோரல்டிரா, இன்டிசைன் ஆகிய வடிவமைப்பு மென்பொருள்கள் இரண்டிலும் ஓப்பன்டைப் வசதிகளில் லைனிங் என்று தேர்ந்தெடுத்தால் எல்லாம் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். செல்போன் செயலியில் அந்த வசதி இல்லையென்றால் எண்ணுக்கு மட்டும் வேறு ஃபான்ட் போடுங்கள்.

தமிழ்லயும் அதே எழுத்துல போடுங்கண்ணே. டைப் பண்ணா வருதே?

வருவது ப்ளேஃபேர் இல்லை. அதில் தமிழே கிடையாது. நீங்கள் தமிழில் அடித்ததும் கணினியோ செல்போனோ தன்னிடம் உள்ள வேறு ஏதாவது தமிழ் ஃபான்டைக் கொண்டுவந்து காட்டும். மேலே சொன்ன ரூபாய்க் குறி மாதிரிதான். ஃபான்ட் பெட்டியில் ப்ளேஃபேர் என்று பெயர் தெரிவதால் அதுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். அதே கோப்பை வேறு கணினியில் திறந்தால் தமிழ் வேறு முகத்தோடு நிற்கும். அச்சுக்கு அனுப்பும்முன் எழுத்துகளை ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றி, பிடிஎஃப் ஆக அனுப்புவது இதற்காகத்தான்.

சரி, தமிழ்ல இந்த மாதிரி தடிச்சு மெலிஞ்ச எழுத்தே இல்லையா?

இருக்கிறது. ஆனால் தமிழ் எழுத்து வந்த வழி வேறு. நம் கடற்கரை பனங்காடு. உச்சிப்புளியிலிருந்து சாயல்குடி வரைக்கும் எங்கே நின்றாலும் பனை தெரியும். அந்தப் பனையின் ஓலையில்தான் தமிழ் பல நூறு வருடங்கள் எழுதப்பட்டது. எழுத்தாணியால் கீறுவார்கள், பிறகு கரியைத் தடவித் துடைப்பார்கள். கீறலுக்குள் தங்கும் கரிதான் எழுத்து. இதில் கூர்முனைப் பேனாவைப் போல அழுத்தத்தால் கோடு தடிக்க வழியில்லை. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே கனம். புள்ளிகூடப் பெரும்பாலும் வைக்கமாட்டார்கள். தமிழ் எழுத்தின் எலும்பு அப்படி அமைந்தது.

1578-ல் கொல்லத்தில் என்றிக்கே என்றிக்கஸ் பாதிரியார் தமிழில் அச்சிட்டார். நம் முத்துக்குளித்துறைக் கரையில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். அச்சு நிலைபெற்றபின் புள்ளி ஒழுங்காக வந்தது, ஈய எழுத்தில் கொஞ்சம் தடிப்பும் மெலிவும் வந்தன. ஆனால் ஆங்கில எழுத்தைப் போல உச்சத்துக்குப் போகவில்லை. போக முடியாததற்கு ஒரு காரணம் நம் சுழிகள். மூன்று சுழி ‘ண’வை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில ‘எம்’முக்கு மூன்று கால்தான், நடுவே வெளி இருக்கும். ‘ண’வுக்கு அதே அகலத்தில் மூன்று வளைவும் உள்ளே மடங்கும் சுழியும் வேண்டும். நின்ற கோட்டைத் தடிக்க வைத்தால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். மூன்று சுழி இரண்டு சுழியாகத் தெரிந்தால் ‘திருமணம்’ ‘திருமனம்’ ஆகிவிடும். ஞ, ஜ, ஐ எல்லாவற்றுக்கும் இதே பாடுதான். மறுபக்கம், கொம்பையும் சுழியின் மடிப்பையும் ரொம்ப மெலிய வைத்தால் எழுத்து துண்டாகும்.

அதனால் அளவோடு தடித்து மெலிந்த ஃபான்ட்களைத் தேடுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் இலவசம், பல கனங்களில் கிடைக்கிறது. அதில் மிகக் கருத்த கனம் தலைப்புக்கு நன்றாக எடுக்கும். டைரோ தமிழ் பழைய அச்சுப் புத்தகத்தின் சாயலோடு இருக்கும், அதுவும் இலவசம். என் விருப்பம் கேட்டால், ஆங்கிலப் பெயர் ப்ளேஃபேரிலும் தமிழ்ப் பெயர் நோட்டோ செரிஃபிலும் வைத்து, தமிழை ஒரு சுற்றுப் பெரிதாக்குவேன். இரண்டும் ஒரே அச்சாக இருக்க வேண்டியதில்லை, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே கருமை தெரிந்தால் போதும். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். ஒன்று கருப்பாகவும் மற்றது சாம்பலாகவும் தெரிந்தால் தமிழின் கனத்தை மாற்றுங்கள்.

சின்ன வரிகளுக்கு நான் அடிக்கடி எடுப்பது கட்டமரான். பிரியா ரவிச்சந்திரன் வரைந்த ஃபான்ட், நம் கட்டுமரத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும், ஒரே கனக் கோடு. ஓலை எழுத்துக்கு அதுதான் நெருக்கம் என்று எனக்குத் தோன்றும்.

அரபி வரியும் மேல வரும். மூணு எழுத்தும் ஒண்ணா இருக்குமா காக்கா?

இருக்கும். அரபி எழுத்து நாணல் பேனாவில் பிறந்தது. பட்டை முனையை ஒரு சாய்வில் பிடித்து எழுதுவதால் தடிப்பும் மெலிவும் அதற்கு இயல்பு. ஆனால் அந்தத் தடிப்பு சாய்வில் வரும், ப்ளேஃபேரில் நேர்க்குத்தாக வரும். நெருக்கி வைத்தால் முட்டிக்கொள்ளும். மேலே பிஸ்மில்லாஹ்வுக்குத் தாராளமாக இடம் கொடுத்து, நல்ல கையெழுத்துக் கலைஞர் எழுதியதாகவே வையுங்கள். நடுவில் தமிழ் ஒரே கனமாக இருந்தால் மேலேயும் கீழேயும் உள்ள இரண்டும் தனித்தனியாக நிற்கும்.

ஆங்கிலத்துல எழுத்து எழுத்தா தள்ளித் தள்ளி வச்சிருக்காங்களே, தமிழ்லயும் அப்படி வைக்கலாமா?

ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு அது நன்றாக இருக்கும், மெலிந்த கோடுகளுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். தமிழில் அந்த இடைவெளி எங்கே விழும் என்று பாருங்கள். ‘கொ’ என்பது நமக்கு ஒரே எழுத்து. கணினிக்கு அது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. பல மென்பொருள்கள் மூன்றுக்கும் நடுவே இடைவெளி விட்டுவிடும். ‘கொடை’ என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நிற்கும். காலைத் தனியாகப் பார்க்கிறவர் ‘ர’ என்று படிப்பார். தமிழில் எழுத்திடைவெளியைத் தொடாமல், சொல்லைச் சுற்றி வெற்றிடத்தைக் கூட்டுங்கள்.

பழைய அழைப்பிதழ் ஃபைல் இருக்கு. ஃபான்ட்டை மட்டும் மாத்தினா கிறுக்கிக் கிறுக்கி வருது.

அது பாமினி போன்ற பழைய ஃபான்டில் அடித்தது. அதில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் முகமூடி மட்டும். ஃபான்டை மாற்றியதும் முகமூடி விழுந்துவிடும். முதலில் யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறைக்கு, மாற்றுங்கள், இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. மாற்றியபின் பெயர்களை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

ராமேசுவரத்துல ரூம் கட்டி விட்டிருக்கேன். போர்டுக்கு இந்த எழுத்து போட்டா உப்புக் காத்துக்கு நிக்குமா?

எதில் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வினைல் ஸ்டிக்கரில் வெட்டினால் மெலிந்த கோடு ஒரு நூல்தான். அதற்குப் பசைப்பிடிப்பு குறைவு. கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும் மாதங்களில் முதலில் முனை தூக்கும், பிறகு நூல் முழுதும் உரிந்து ஆடும். தனுஷ்கோடிச் சாலைப் பக்கம் ஒரு பருவம்கூடத் தாங்காததைப் பார்த்திருக்கிறேன். ஒட்டுவதைவிடப் பலகையின்மேல் அச்சடிப்பது நல்லது.

அக்ரிலிக்கில் வெட்டுவதாக இருந்தால் மெலிந்த கோடு 4 மி.மீ.க்குக் குறைந்தால் நான் வெட்டக் கொடுப்பதில்லை, மாட்டும்போதே ஒடியும். மேலே போட்ட கணக்குப்படி எழுத்து 20 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும். உள்ளே எல்இடி வைக்கும் எழுத்து வேண்டுமென்றால் இந்தக் குடும்பம் ஒத்துவராது. மெலிந்த கோட்டுக்குள் பல்பு நுழையாது, இரவில் பாதி எழுத்துதான் எரியும். பின்னாலிருந்து சுவரில் ஒளி படும்படி வைத்தால் அழகு கெடாது. உலோக எழுத்து என்றால் 316 தரத்து ஸ்டெயின்லெஸ் கேளுங்கள். சாதாரணமாகத் தருகிற 304 கடலோரத்தில் பழுப்புப் புள்ளி போடும். மெலிந்த கோட்டில் அந்தப் புள்ளி கோட்டின் அகலத்தையே மறைக்கும்.

படகுக்குப் பேர் எழுதணும். மகள் இந்த எழுத்துதான் வேணும்னு நிக்கிறா.

பாம்பனிலிருந்து வந்த ஓர் அண்ணன் கேட்டது. படகின் மூக்கில் எழுதும் பெயரை மற்றொரு படகிலிருந்து பார்க்கிறவரும் ஆடுகிறார், படகும் ஆடுகிறது. பலகைத் தொழிலில் 10 அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்று ஒரு கணக்கு உண்டு. அது ஒரே கன எழுத்துக்கு. தடித்து மெலிந்த எழுத்துக்கு நான் இரண்டு மடங்கு வைப்பேன். அதோடு, படகுகள் துறையில் ஒன்றோடொன்று உரசும்போது பெயின்டில் முதலில் போவது மெலிந்த கோடுதான்.

பதிவு எண்ணை எந்தக் காரணத்துக்கும் இந்த எழுத்தில் எழுதாதீர்கள். ஆபத்து நேரத்தில் படிக்க வேண்டிய எண் அது. பெயருக்கு ஒரு வழி சொன்னேன். படகுக்குப் பெயர் எழுதும் ஓவியரிடம் பட்டைத் தூரிகையால் எழுதச் சொல்லுங்கள். தூரிகையைத் திருப்பும் போக்கில் தடிப்பும் மெலிவும் தானே வரும், அதில் மெலிந்த கோடும் விரல் அகலமாவது இருக்கும். மகளுக்கும் பிடித்திருந்ததாகப் பிறகு சொன்னார்.

குண்டு மிளகாய் பாக்கெட் போடுறோம். லேபிளுக்கு ஒத்து வருமா?

பெயருக்கு நன்றாக வரும். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபிறகு, வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் லேபிளில் அக்கறை காட்டுகிறார்கள், எனக்கு அதில் சந்தோஷம். அடர் சிவப்பின்மேல் வெளிர்மஞ்சள் எழுத்து அழகுதான். ஆனால் பிளாஸ்டிக் பாக்கெட்டில் அச்சு கொஞ்சம் நகர்ந்து விழும். இரண்டு வண்ணம் சேர்த்து எழுத்தை உருவாக்கினால் மெலிந்த கோட்டில் நிறம் பிசகி நிற்கும். எழுத்தை ஒற்றை நிறமாக வையுங்கள்.

எடை, விலை, தயாரித்த தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் இவையெல்லாம் சட்டப்படி தெளிவாகத் தெரிய வேண்டியவை. அவற்றுக்கு ஒரே கன எழுத்து. கருவாட்டுப் பாக்கெட்டுக்கும் இதே பதில்தான்.

கம்ப்யூட்டர்ல பளிச்சுனு இருக்கு, வாட்ஸ்அப்ல அனுப்பினா மங்கிப் போகுதே?

படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கும். சுருக்கும்போது மெலிந்த கோடு பின்னணியோடு கலந்துவிடும். பிடிஎஃப் ஆகவோ, டாக்குமென்ட் என்ற வழியிலோ அனுப்புங்கள். செல்போனுக்கென்றே செய்யும் அழைப்பில் பெயரை இன்னும் பெரிதாக வையுங்கள். பெரியவர்கள் கைநீட்டிப் பிடித்துப் படிப்பார்கள், அந்தத் தூரத்தில் வைத்து நீங்களும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

மெலிஞ்ச கோட்டை மட்டும் கொஞ்சம் தடிமனாக்கித் தர முடியாதா?

பலர் தாங்களே செய்து பார்ப்பது, எழுத்தைச் சுற்றி அவுட்லைன் போடுவது. அது மெலிந்த கோட்டையும் தடிக்க வைக்கும், தடித்த கோட்டையும் தடிக்க வைக்கும். கூர்மையான முனைகள் மழுங்கும், உள்வெளிகள் அடைபடும், சோறு குழைந்தாற்போல ஆகிவிடும். கால் பாயின்ட் (ஏறக்குறைய 0.09 மி.மீ.) வரை கண்ணுக்குத் தெரியாது. அதற்குமேல் போனால் தெரியும்.

முதலில் போடோனி மோடாவின் சிறிய அளவுக்கான வடிவத்தை எடுத்துப் பெரிதாகப் போட்டுப் பாருங்கள். அதில் மெலிந்த கோடு ஏற்கெனவே வலுவாக இருக்கும், வரைந்தவர்களே செய்து வைத்தது. அதுவும் போதாதென்றால் எழுத்தை வடிவமாக மாற்றி, ஒவ்வொரு மெலிந்த கோட்டையும் கையால் நகர்த்த வேண்டியதுதான். ஒரு பெயருக்கு ஏழெட்டு எழுத்து, அரைமணி நேர வேலை. ‘எச்’சின் குறுக்குக் கோட்டைக் கீழ்ப்பக்கம் மட்டும் நகர்த்துவேன், மேல்விளிம்பு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ‘என்’னின் இரண்டு நின்ற கோடுகளை உள்பக்கமாகத் தடிக்க வைப்பேன், வெளிப்பக்கம் இழுத்தால் பக்கத்து எழுத்தில் இடிக்கும். முடித்ததும் உண்மையான அளவில் ஒரு காகிதத்தில் எடுத்து, அச்சடிக்கப்போகும் அட்டையின்மேல் வைத்துக் கேட்டவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்வேன். பெயரை அவர் தடங்கலில்லாமல் படித்தபிறகுதான் அச்சுக்கு அனுப்புவேன்.